முப்பத்தெட்டும் முப்பத்தொன்பதும்: கல்லூரிப் படிப்புகளின் வகைப்பாட்டு வரலாற்றில் இறையியலின் இடம்

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரிகளில் கற்பிக்கப்பெறும் படிப்பு ஒவ்வொன்றுக்கும் அரசின் பட்டியலில் ஓர் எண் உண்டு. வேளாண்மைக்கு 01, பொறியியலுக்கு 14, கணிதத்திற்கு 27 எனச் செல்லும் அவ்வரிசையில், 38 என்பது மெய்யியலுக்கும் சமயவியலுக்கும் உரியது. 39 என்பது இறையியலுக்கும் சமய ஊழியங்களுக்கும் உரியது. அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு எண்களுக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு ஓடுகின்றது. ஒரு பல்கலைக்கழகத்தின் சமயவியல் துறையில் பவுலின் நிருபங்களை ஆராய்கின்ற மாணவர் 38-இல் எண்ணப்படுகிறார். அதே நிருபங்களை, அதே கிரேக்க மூலத்தைக் கொண்டு, குருத்துவப் பயிற்சியின் பகுதியாக ஆராய்கின்ற மாணவர் 39-இல் எண்ணப்படுகிறார்.

இவை அலுவலகத்தார் தம் வசதிக்காக ஏற்படுத்திக்கொண்ட எண்கள்தாமே, இவற்றைக் குறித்து இறையியல் கற்போர் கவலைகொள்ள வேண்டுவது என்ன என்று சிலர் வினவக்கூடும். ஆனால் ஒன்றை எங்கே வைத்து எண்ணுகிறோம் என்பது, அதை நாம் என்னவென்று கருதுகிறோம் என்பதன் வெளிப்பாடாகும். இறையியல் ஓர் அறிவுத்துறையா, அல்லது ஓர் ஊழியத்திற்கான பயிற்சியா? திருச்சபை நெடுங்காலமாகத் தன்னையே கேட்டுக்கொண்டு வந்துள்ள இவ்வினாவுக்கு, புள்ளிவிவர அலுவலகம் ஒன்று தன் வழியில் ஒரு விடையை எழுதி வைத்துவிட்டது. அவ்விடை எவ்வாறு உருவாயிற்று, அதனால் நேர்ந்தவை யாவை, அதை நாம் எவ்வாறு ஏற்பது என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. நான்கு புலங்களின் காலம்

படிப்புகளை வகைப்படுத்தும் வழக்கம் புதியதன்று. ஐரோப்பாவின் இடைக்காலப் பல்கலைக்கழகங்களில், சிறப்பாகப் பாரிஸ் போன்றவற்றில், கலை, மருத்துவம், சட்டம், இறையியல் என நான்கு புலங்கள் இருந்தன. கலைப்புலத்தைக் கடந்த பின்னரே மாணவர் மற்ற மூன்றனுள் ஒன்றில் நுழைவர். அம்மூன்றனுள் முதலிடம் இறையியலுக்கு உரியதாயிருந்தது. அக்காலத்தில் வகைப்பாட்டுக்கு எண்கள் தேவைப்படவில்லை. யார் முன்னே அமர்வது, யார் பின்னே அமர்வது என்னும் வரிசையே வகைப்பாடாக விளங்கிற்று.

இவ்வொழுங்கைக் கேள்விக்குள்ளாக்கியவருள் இம்மானுவேல் கான்ட் முதன்மையானவர். புலங்களுக்கிடையேயான பூசலைப்பற்றி 1798-இல் அவர் வெளியிட்ட நூலில், இறையியல், சட்டம், மருத்துவம் ஆகிய மேற்புலங்கள் அரசின் தேவைக்குக் கட்டுப்பட்டவை என்றும், கீழ்ப்புலமெனப்பட்ட மெய்யியலே உண்மையைத் தடையின்றி ஆராயும் உரிமையுடையது என்றும் வாதிட்டார். மேல், கீழ் என்னும் வரிசை இவ்வாறு தலைகீழாகத் திரும்பத் தொடங்கியது.

1810-இல் பெர்லின் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டபோது, இறையியலுக்கு அங்கே இடமுண்டா என்னும் வினா எழுந்தது. தடையற்ற ஆராய்ச்சியே பல்கலைக்கழகத்தின் உயிர் எனில், திருச்சபைக்குக் கடமைப்பட்ட ஒரு துறை அங்கே எவ்வாறு அமர்வது என்று ஃபிக்டே போன்றோர் ஐயுற்றனர். இதற்கு விடையளித்தவர் ஷ்லையர்மாகர். இறையியற் படிப்பின் சுருக்க வரைவாக 1811-இல் அவர் வெளியிட்ட சிறு நூல் நம் மாணவருக்குப் பெயரளவிலாவது அறிமுகமானதே. அவர் கூறியதன் சாரம் இது: வரலாறு, மொழியியல், மெய்யியல் முதலிய பல துறைகளின் அறிவு இறையியலில் ஒன்றுகூடுகின்றது. அவற்றை ஒன்றாகப் பிணைப்பது திருச்சபையை வழிநடத்தும் பணியாகும். அப்பணியை நீக்கிவிட்டால், அவ்வறிவு முழுவதும் தத்தம் துறைகளுக்கே பிரிந்து போய்விடும். இறையியல் என்று தனியே ஒன்று எஞ்சாது.

இக்கூற்றை நாம் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் அமெரிக்கப் பட்டியலில் நிகழ்ந்ததை விளக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான திறவுகோல் இல்லை எனலாம்.

ஷ்லையர்மாகர் சேர்த்துக் கட்டியதை நெதர்லாந்து நாட்டின் உயர்கல்விச் சட்டம் 1876-இல் பிரித்து வைத்தது. அரசுப் பல்கலைக்கழகங்களில் இறையியற் புலம் என்னும் பெயர் நிலைத்தது. ஆனால் அங்கே சமயங்களின் வரலாறு முதலிய ஆராய்ச்சிப் பாடங்களுக்கே இடமளிக்கப்பட்டது. கோட்பாட்டு இறையியலும் நடைமுறை இறையியலும் திருச்சபை நியமிக்கும் பேராசிரியர்களிடம் விடப்பட்டன. ஒரே கல்வி இரண்டு பொறுப்பாளர்களிடையே பங்கிடப்பட்டது.

2. எண்ணிடுவோரின் இருக்கை

அதே 1876-இல் அமெரிக்காவில் மெல்வில் டியூயி தம் நூலகப் பதின்மப் பகுப்பை வெளியிட்டார். நம் கல்லூரி நூலகங்களில் அதைப் பயன்படுத்தாதார் அரியர். சமயத்திற்கு அவர் 200 என்னும் எண்ணை அளித்தார். 220 திருமறைக்கும், 230 முதல் 280 வரை கிறிஸ்தவத்தின் பல்வேறு கூறுகளுக்கும் ஒதுக்கப்பட்டன. உலகின் ஏனைய சமயங்கள் யாவும் 290 என்னும் ஒரே கட்டத்தில் அடங்கவேண்டியவாயின. டியூயி பிற சமயங்களை இகழ எண்ணி இவ்வாறு செய்தார் என்று கொள்ள வேண்டுவதில்லை. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் நூலகத்தில் அன்றிருந்த நூல்களை அடுக்குவதற்கு அவருக்குத் தேவைப்பட்ட வரிசை அது.

சீர்காழியிற் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன் 1933-இல் தம் கோலன் பகுப்பை வெளியிட்டபோது நிலைமை வேறாயிற்று. சமயத்திற்குரிய அவருடைய பிரிவில் வேத சமயம் 1, பிற்கால இந்து சமயம் 2, சமணம் 3, பௌத்தம் 4, யூத சமயம் 5, கிறிஸ்தவம் 6, இஸ்லாம் 7 என எண் பெற்றன. டியூயியின் பகுப்பில் ஆறு கட்டங்களை நிரப்பிய கிறிஸ்தவம், இரங்கநாதனின் பகுப்பில் ஒரு கட்டத்துக்குள் அமர்ந்தது. நூல்கள் மாறவில்லை, எண்ணிடுபவர் அமர்ந்திருந்த இருக்கையே மாறிற்று. எந்த வகைப்பாட்டைப் படிக்கும்போதும், இது யாருடைய இருக்கையிலிருந்து எழுதப்பட்டது என்று கேட்கப் பழகுதல் நலம்.

3. அமெரிக்க அரசின் கணக்கு

அமெரிக்க நாட்டரசு கல்விக்கென ஒரு துறையை 1867-இல் ஏற்படுத்தியது. கல்லூரிகளை ஆளுவது அதன் பணியன்று. நாட்டின் கல்வி நிலையைக் கணக்கெடுத்து வெளியிடுவதே அதன் பணியாகும். அதன் முதல் ஆணையர் ஹென்றி பர்னார்ட். அத்துறையின் பழைய ஆண்டறிக்கைகளில் இறையியற் பள்ளிகள், சட்டப் பள்ளிகள், மருத்துவப் பள்ளிகள் என்று தனித்தனி அட்டவணைகள் காணப்படுகின்றன. இடைக்காலத்தின் மூன்று மேற்புலங்களே அரசின் புள்ளிவிவரத்துள் வந்து அமர்ந்துகொண்டன என்பது வெளிப்படை. இறையியல் அங்கே கற்றறிந்தோரின் தொழில்களுள் ஒன்றாக, சட்டத்தோடும் மருத்துவத்தோடும் ஒரே வரிசையில் நின்றது.

இருபதாம் நூற்றாண்டில், சிறப்பாக இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் தொகை பெருகியது. அரசின் பணம் கல்லூரிகளுக்குச் சென்றது. எந்தத் துறையில் எத்தனை பேர் பட்டம் பெறுகின்றனர் என்று அறிய வேண்டிய தேவையும் மிகுந்தது. ஆனால் ஒரு கல்லூரியில் ஒரு பெயரால் வழங்கும் படிப்பு மற்றொன்றில் வேறு பெயரால் வழங்கிற்று. பெயரைக்கொண்டு எண்ணினால் கணக்குப் பிழைபடும். 1966-இல் நாடு தழுவிய உயர்கல்விப் பொதுத் தகவல் கணக்கெடுப்புத் தொடங்கியது. அதன் தலைப்பெழுத்துகளைச் சேர்த்து ‘ஹெகிஸ்’ என்று அழைத்தனர். அக்கணக்கெடுப்புக்குப் பொதுமொழி ஒன்று வேண்டியிருந்தது. ராபர்ட் ஹஃப், மார்ஜரி சாண்ட்லர் ஆகிய இருவர் தொகுத்த பாடத்திட்ட வகைப்பாடு 1970-இல் வெளிவந்தது.

அவ்வகைப்பாட்டில் ஒவ்வொரு படிப்புக்கும் நான்கு இலக்கங்கள் கொண்ட எண் தரப்பட்டது. முதலிரண்டு இலக்கங்கள் பெருந்துறையையும், பின்னிரண்டும் அதன் உட்பிரிவையும் குறித்தன. அதில் இறையியலுக்கு 2300 என்னும் பெருந்துறை வாய்த்தது. இறையியல் ஊழியங்கள் 2301, சமய இசை 2302, சமயக் கல்வி 2303 என எண் பெற்றன. ஆனால் சமயவியல் அங்கே இடம்பெறவில்லை. இலக்கியமும் மெய்யியலும் அடங்கிய 1500 என்னும் பெருந்துறையில், மெய்யியலுக்கு அடுத்ததாக, 1510 என்னும் எண்ணில் அது வைக்கப்பட்டது. இறையியல் ஊழியங்கள் இதனுள் அடங்கா என்னும் குறிப்பும் அந்த எண்ணோடு சேர்க்கப்பட்டது. பிற்காலத்தில் 38, 39 என்று நின்ற பிரிவினை இங்கேயே தெளிவாக வரையப்பட்டுவிட்டது.

4. கோடு வரைந்த தீர்ப்பு

இக்கோட்டை 1970-இல் புள்ளிவிவர அலுவலர் தாமே கற்பனையிற் கண்டனர் என்று எண்ணலாகாது. ஏழாண்டுகளுக்கு முன்னரே அந்நாட்டின் உச்சநீதிமன்றம் அதற்கு வழிகோலியிருந்தது. 1963 ஜூன் மாதம், அபிங்டன் பள்ளி வட்டாரம் எதிர் ஷெம்ப் என்னும் வழக்கில், அரசுப் பள்ளிகளில் வழிபாட்டு முறையாகத் திருமறை வாசிப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருச்சபையாருள் பலரை அத்தீர்ப்பு வருத்திற்று. ஆனால் நீதியரசர் டாம் கிளார்க் எழுதிய அதே தீர்ப்பில் மற்றொரு கருத்தும் இருந்தது. திருமறையை இலக்கியமாகவும் வரலாறாகவும் கற்பதற்கும், சமயங்களை ஒப்பிட்டு ஆராய்வதற்கும், பொதுக் கல்வியின் பகுதியாக அவை நடுநிலையோடு கற்பிக்கப்படுமாயின், தடையில்லை என்பதே அது. நீதியரசர் கோல்ட்பர்க், சமயத்தைக் கற்பிப்பது வேறு, சமயத்தைப்பற்றிக் கற்பிப்பது வேறு என்று தம் தனியுரையில் பிரித்துக் காட்டினார்.

இதன் பயனாக, அரசுப் பல்கலைக்கழகங்களில் சமயவியல் துறைகள் தயக்கமின்றித் தோன்றி வளர்ந்தன. திருமறை ஆசிரியர்களின் சங்கமாக 1909-இல் தொடங்கிய அமைப்பு ஒன்று, அதே ஆண்டுகளில் அமெரிக்கச் சமயவியற் கழகம் என்று தன் பெயரை மாற்றிக்கொண்டது. அரசின் பணத்தில் நடக்கும் துறை தன்னைக் குருமடத்தினின்று வேறுபடுத்திக் காட்டவேண்டிய நிலையில் இருந்தது. குருமடமும் தன் அழைப்பைத் தனியே பேண விரும்பியது. ஆகவே 1510, 2301 என்னும் இரண்டு எண்களும் இரு தரப்பாருக்கும் உடன்பாடாகவே அமைந்தன. அரசும் திருச்சபையும் தனித்து நிற்றல் என்னும் கொள்கை ஒரு புள்ளிவிவர ஏட்டில் எடுத்த வடிவமே அவ்வெண்கள் எனலாம்.

5. 1980-இன் வகைப்பாடு

பத்தாண்டுகளுள் ஹெகிஸ் எண்கள் போதாவாயின. பல்கலைக்கழகப் பட்டங்களோடு, தொழிற்பள்ளிகள் முதலியவற்றில் கற்பிக்கப்படுபவற்றையும் ஒரே சட்டத்தில் அடக்கவேண்டியிருந்தது. தேசியக் கல்விப் புள்ளிவிவர மையம் 1980-இல் பாடத்திட்ட வகைப்பாடு ஒன்றை உருவாக்கிற்று. அது 1985, 1990, 2000, 2010, 2020 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பெற்றது. கனடா நாட்டின் புள்ளிவிவரத் துறையும் 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து அதையே மேற்கொண்டது. பழைய எண்களும் முற்றிலும் மறையவில்லை. நியூயார்க் மாநிலக் கல்வித் துறை தன் பதிவேட்டில் ஹெகிஸ் எண்களையே தொடர்ந்து வழங்கி வருகின்றது.

புதிய எண் ஆறு இலக்கங்கள் கொண்டது. முதலிரண்டு இலக்கங்கள் பெருந்துறை. நான்கு இலக்கங்கள் சேர்ந்தால் இடைப்பிரிவு. ஆறும் சேர்ந்தால் குறிப்பிட்ட படிப்பு. ஒவ்வோர் ஆறிலக்க எண்ணுக்கும், அப்படிப்பில் அடங்குபவை யாவை என்று கூறும் ஒரு சிறு விளக்கம் உண்டு. பெயரைப் பார்த்து எண்ணிடாமல், கற்பிக்கப்படும் பொருளைப் பார்த்து எண்ணிடவேண்டும் என்பது இதன் அடிப்படை நெறி. எண்ணைத் தேர்ந்தெடுத்து அறிவிப்பவர் பெரும்பாலும் அந்தந்தக் கல்லூரியாரே என்பதையும் இங்கே குறித்துக்கொள்வோம்.

இவ்வகைப்பாட்டில் 39-இன் கீழ் வருபவை நமக்கு மிகவும் பழக்கமானவை. திருமறைப் படிப்பு 39.02, அருட்பணியியல் 39.03, சமயக் கல்வி 39.04, திருஇசை 39.05, இறையியலும் குருத்துவப் பயிற்சியும் 39.06, மேய்ப்புப் பணியும் ஆற்றுப்படுத்தலும் 39.07. யூத ரபிகளின் பயிற்சிக்கும் இங்கேதான் இடம். அதன் எண் 39.0605. நகர்ப்புற ஊழியம், பெண்களிடையே ஊழியம் முதலியவற்றுக்கும் பின்னர் எண்கள் கிடைத்தன. 38-இன் கீழோ, சமயவியல் 38.0201-ஆகத் தொடங்கி, பௌத்தம், கிறிஸ்தவம், இந்து சமயம், இஸ்லாம், யூதம் ஆகியவற்றின் ஆய்வுகள் ஆங்கில அகரவரிசையில் 38.0202 முதல் 38.0206 வரை நிற்கின்றன. கிறிஸ்தவம் இங்கே ஐந்தனுள் ஒன்று. டியூயியின் இருக்கையிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டோம் என்பதை இவ்வரிசையே காட்டுகின்றது.

பெயர்களின் மாற்றமும் கருதத்தக்கது. 1980-இல் 39 என்னும் பெருந்துறைக்கு ‘இறையியல்’ என்ற ஒரு சொல்லே பெயராயிருந்தது. 1990-இன் திருத்தத்தில் அதனோடு ‘சமய ஊழியங்கள்’ என்பதும் சேர்ந்தது. பணியே இறையியலை ஒன்றாகப் பிணைக்கிறது என்று ஷ்லையர்மாகர் 1811-இல் கூறியதை, அவரைப்பற்றி ஒரு சொல்லும் கூறாமல், புள்ளிவிவர அலுவலகமும் ஏற்றுக்கொண்டாற்போல் உள்ளது. ஆனால் அவர் சேர்த்து வைத்த ஆராய்ச்சியோ 38-இல் தனியே நிற்கின்றது. குருமட மாணவர் ஒருவர் ஒரு வாரத்தில் கற்பவற்றைத் தனித்தனியே பிரித்தால், அவருடைய எபிரேயம் மொழிகளுக்குரிய 16-இலும், திருச்சபை வரலாறு வரலாற்றுக்குரிய 54-இலும், உளநூல் 42-இலும் சென்று சேரக்கூடும். அவற்றை 39 என்னும் ஒரே எண்ணுக்குள் நிறுத்துவது அவருடைய அழைப்பு ஒன்றே.

மற்றுமொரு செய்தி நம் வாசகர்க்குச் சுவையளிக்கும். தமிழ் மொழிக்கும் இலக்கியத்திற்கும் இவ்வகைப்பாட்டில் 16.0706 என்னும் எண் உண்டு. அது அயல்மொழிகளின் பெருந்துறையில், தெற்காசிய மொழிகளின் இடைப்பிரிவில், வங்கத்துக்கும் பஞ்சாபிக்கும் பின்னர், உருதுவுக்கு முன்னர் நிற்கின்றது. நமக்குத் தாய்மொழி, அப்பட்டியலுக்கு அயல்மொழி. இருக்கையைப்பற்றி நாம் மேலே கூறியது இதனால் மேலும் விளங்கும்.

6. எண்ணின் விளைவுகள்

எண்ணுவதற்கென்று ஏற்பட்டவை எண்ணுவதோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் பயிலும் அயல்நாட்டு மாணவர், பட்டம் பெற்றபின் பன்னிரண்டு மாதங்கள் அங்கே தம் துறையிற் பணிப்பயிற்சி பெற இசைவளிக்கப்பட்டது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகியவற்றைச் சார்ந்தனவென்று பட்டியலிடப்பட்ட படிப்புகளை முடித்தோர்க்கு, 2016-இன் விதிப்படி, மேலும் இருபத்து நான்கு மாதங்கள் கிடைத்தன. அப்பட்டியல் முழுவதும் இவ்வகைப்பாட்டின் எண்களால் ஆனது. பொதுப் பொருளாதாரத்தின் எண்ணாகிய 45.0601 அதில் இல்லை. அளவையியல் சார்ந்த பொருளாதாரத்தின் எண்ணாகிய 45.0603 அதில் உண்டு. ஆகவே பல பல்கலைக்கழகங்கள் தம் பொருளாதாரப் படிப்பின் எண்ணை முன்னதிலிருந்து பின்னதற்கு மாற்றி அறிவித்தன. இந்தியாவிலிருந்து சென்ற மாணவர் பலருக்கு, தாம் அறியாத ஓர் ஆறிலக்க எண் இரண்டு ஆண்டுகளின் வேறுபாட்டை உண்டாக்கிற்று.

இறையியலுக்கும் இத்தகைய விளைவு நேர்ந்தது. வாஷிங்டன் மாநிலம் திறமைமிக்க மாணவர்க்கு உதவித்தொகை அளித்து வந்தது. ஆனால் பற்றுறுதியின் அடிப்படையில் இறையியற் பட்டம் பயில்வோர்க்கு அது மறுக்கப்பட்டது. மேய்ப்புப் பணிப் படிப்பைத் தேர்ந்தெடுத்த ஒரு மாணவர் வழக்குத் தொடுத்தார். லாக் எதிர் டேவி எனப்படும் அவ்வழக்கில், 2004-இல், உச்சநீதிமன்றம் இருவருக்கு எதுவராக எழுவர் என்ற அளவில் மாநிலத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. சமய ஊழியத்திற்கான பயிற்சி பிற தொழில்களுக்கான பயிற்சியைப் போன்றதன்று. அதற்கு நிதி தர மறுப்பது சமயத்தைப் பகைப்பதாகாது என்று தலைமை நீதியரசர் ரென்குவிஸ்ட் எழுதினார். பின்வந்த தீர்ப்புகள் அதன் வீச்சைக் குறுக்கினவேயன்றி அதை நீக்கவில்லை. இங்கே வகைப்பாட்டின் எண் சட்டமாக நிற்கவில்லை. ஆனால் அவ்வெண்ணுக்கு அடியில் கிடந்த வேறுபாடே நீதிமன்றத்திலும் நின்றது. சமயவியல் கற்பவர் தொகை பெறலாம். மேய்ப்பராகக் கற்பவர் பெறலாகாது.

மூன்றாவது விளைவு இன்னும் நுண்ணியது. அமெரிக்கப் புள்ளிவிவரங்களில் நெடுங்காலம் ‘முதல் தொழிற்பட்டம்’ என்று ஒரு தனிவகை இருந்தது. மருத்துவம், பல் மருத்துவம், சட்டம், கால்நடை மருத்துவம் முதலிய பத்துத் துறைகள் அதில் அடங்கின. அப்பத்தனுள் இறையியலும் ஒன்று. முற்காலத்தில் பி.டி. என்றும், பின்னர் எம்.டிவ். என்றும் வழங்கிய குருத்துவப் பட்டம் மருத்துவப் பட்டத்தோடும் சட்டப் பட்டத்தோடும் ஒரே அட்டவணையில் நின்றது. 2010-11 கல்வியாண்டோடு அவ்வகை முற்றிலும் கைவிடப்பட்டது. மருத்துவரின் பட்டமும் வழக்கறிஞரின் பட்டமும் முனைவர் நிலைக்கு உயர்த்தப்பட்டன. குருவின் பட்டமோ முதுகலை நிலையில் வைக்கப்பட்டது. இடைக்காலத்திலிருந்து ஒன்றாக வந்த மூன்று மேற்புலங்கள் அவ்வாண்டில் ஓர் அட்டவணையின் மாற்றத்தால் பிரிந்தன. அதைக் குறித்துப் பெரிய வாதம் எதுவும் எழவில்லை. அட்டவணைகள் செய்யும் மாற்றங்கள் பெரும்பாலும் அவ்வாறே ஓசையின்றி நிகழ்கின்றன.

7. பிற நாடுகளின் வழி

அமெரிக்கர் வரைந்த கோடு உலகெங்கும் ஒரே இடத்தில் ஓடவில்லை. யுனெஸ்கோ நிறுவனம் 1976-இல் வெளியிட்ட பன்னாட்டுக் கல்வி வகைப்பாட்டில், சமயமும் இறையியலும் சேர்ந்து 26 என்னும் தனித்துறையாய் நின்றன. 1997-இன் திருத்தத்தில் அத்தனித்தன்மை நீங்கி, அவை மானிடக் கலைகளுள் ஒன்றாயின. 2013-இல் கல்வித்துறைகளுக்கென வகுக்கப்பட்ட புதிய பட்டியலில் சமயமும் இறையியலும் 0221 என்னும் ஒரே எண்ணைப் பெற்று, வரலாற்றுக்கும் மெய்யியலுக்கும் அருகில் அமர்ந்தன. தனி வீட்டிலிருந்து கூட்டுக் குடும்பத்துக்கு வந்ததுபோன்ற மாற்றம் இது. ஆனால் ஆராய்ச்சியும் அழைப்பும் அங்கே பிரிக்கப்படவில்லை.

பிரித்தானியாவிலும் அவ்வாறே. 2002-03 முதல் வழங்கிய பாடக் குறியீட்டில் இறையியலும் சமயவியலும் சேர்ந்து வி6 என்னும் ஒரே குறியைப் பெற்றன. நினியன் ஸ்மார்ட் 1967-இல் லங்காஸ்டரில் சமயவியல் துறையைத் தொடங்கியபின்னும், அந்நாட்டின் பழைய பல்கலைக்கழகங்களில் இரண்டும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தமையே இதற்குக் காரணம் எனலாம். 2019-20 முதல் அக்குறியீட்டின் இடத்தில் வந்த புதிய முறையில், எண்களே படிநிலையைக் காட்டுவதில்லை. எண் ஒரு பெயர்ச்சீட்டு மட்டுமே. எவற்றை எவற்றோடு சேர்த்து எண்ணுவது என்பது வேறொரு பட்டியலால் முடிவுசெய்யப்படும். எண்ணில் தீர்ப்பு ஒளிந்திருத்தல் கூடாது என்னும் எச்சரிக்கையை இதில் காண்கிறோம்.

8. நம் நாட்டு நிலை

இந்தியாவில் இவ்வரலாறு வேறு வழியில் சென்றது. 1857-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டபோது, இறையியற் புலம் எதிலும் ஏற்படுத்தப்படவில்லை. அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்னரே, 1827-இல், டென்மார்க் மன்னரின் பட்டயத்தால் செராம்பூர் கல்லூரி பட்டமளிக்கும் உரிமையைப் பெற்றிருந்தது. அவ்வுரிமையின்படி 1915-இல் முதன்முதல் பி.டி. பட்டங்கள் வழங்கப்பட்டன, 1918-இல் வங்கச் சட்டமன்றத்தின் சட்டம் அதை உறுதிசெய்தது. இவ்வாறு நம் இறையியல் தொடக்கம் முதலே பொதுப் பல்கலைக்கழகத்திற்கு வெளியே வளர்ந்தது.

அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு, முழுவதும் அரசின் பணத்தில் நடக்கும் நிறுவனங்களில் சமயப் போதனை கூடாது என்றது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, சமயக் கல்வி வேறு, சமயங்களைப்பற்றிய கல்வி வேறு என்று பிரித்து, பின்னதை வரவேற்றது. ஷெம்ப் தீர்ப்புக்கு மூன்றாண்டுகளுக்குள் இங்கும் அதே கோடு வரையப்பட்டமை நோக்கத்தக்கது. எண் இடப்படாவிடினும், 38, 39 என்னும் பிரிவினை நம்மிடையேயும் உண்டு.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? கணக்கெடுப்பைப் பழித்து ஒதுக்குவது நமக்குத் தகாது. தாவீது மக்களை எண்ணியதை மட்டும் நினைந்து, எண்ணுதலே பாவம் என்று கொள்வோர் உளர். ஆனால் திருமறையில் எண்ணாகமம் என்றே ஒரு நூல் இருக்கின்றது. அங்கே லேவியர் ஏனைய கோத்திரத்தாரோடு சேர்த்து எண்ணப்படவில்லை. ஆயினும் எண்ணப்படாமல் விடப்படவுமில்லை. அவர்களுக்குத் தனிக் கணக்கு ஒன்று இருந்தது. முப்பது வயது முதல் ஐம்பது வயது வரையுள்ளோர், கோகாத், கெர்சோன், மெராரி என்னும் குடும்ப வாரியாக, இன்னார் இன்னதைச் சுமக்கவேண்டும் என்னும் பணியோடு சேர்த்து எண்ணப்பட்டனர். பிறர் போருக்கென எண்ணப்பட்டனர். லேவியர் சுமப்பதற்கென எண்ணப்பட்டனர்.

39 என்னும் எண்ணை நாம் அவ்வாறு ஏற்கலாம். ஊழியத்திற்கென்று தனியே எண்ணப்படுவதில் இழிவு இல்லை. மருத்துவரோடும் வழக்கறிஞரோடும் ஒரே அட்டவணையில் நிற்கவில்லையே என்று வருந்துவதற்கும் காரணமில்லை. ஆனால் ஓர் ஆபத்து உண்டு. ஆராய்ச்சி 38-க்கு உரியது, ஊழியம் 39-க்கு உரியது என்று பட்டியல் கூறுவதை நாமே நம்பத் தொடங்கினால், ஆராயாத ஊழியரையும், எவர்க்கும் கடமைப்படாத ஆராய்ச்சியாளரையும் உருவாக்குவோம். முதலாமவர் பிரசங்க மேடையில் நின்று, தாம் சோதித்தறியாத ஒன்றைச் சபைக்குக் கொடுப்பார். இரண்டாமவர் சோதித்தறிந்ததைக் கொடுப்பதற்கு ஒரு சபையும் இல்லாதிருப்பார்.

புள்ளிவிவர அலுவலகத்தின் தேவை ஒன்றை ஓரிடத்தில் வைத்து ஒருமுறை எண்ணுவது. அது நேர்மையான தேவையே. இறையியற் கல்லூரியின் பொறுப்பு வேறு. பல துறைகளின் அறிவு ஒரு பணிக்காக ஒன்றுகூடும் இடம் அது. அங்கே எபிரேய இலக்கணத்தை அலட்சியம் செய்கின்ற மாணவர் தம் அழைப்பையே அலட்சியம் செய்கிறார். பாடத்திட்டத்தைத் திருத்தும் குழுக்களில் அமரும் நம் ஆசிரியர்களும், அவர்களிடம் மாணவரை அனுப்பும் ஆயர்களும் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் கேட்கவேண்டிய வினா ஒன்றே: நாம் நீக்கும் பாடம் ஆராய்ச்சியை ஊழியத்தினின்று பிரிக்கின்றதா? பிரிக்குமாயின், அதைச் செய்வதற்கு எந்த அரசும் நம்மைக் கேட்கவில்லை என்பதை நினைவிற்கொள்வோமாக.